தவளை வண்டியின் வலது கண்

ஜனவரி 9

என் தம்பி பெற்ற மகளுக்கு,

நீ கேட்ட கதை நடந்தது, பெரிய பாலம் பயணிகள் பஸ்ஸோடு ஆற்றில் இறங்கிய வருஷம். அதே வருஷம்தான் வெட்டுக்கிளி வந்து சந்தையில் ஒரு பச்சை இலை இல்லாமல் போனது. மண்ணெண்ணெய் வரிசையில் நின்ற அண்ணன் தம்பி இருவர் ஒருவரை ஒருவர் குத்திக்கொண்டு செத்தார்கள். பஞ்சாலையில் கதவை அடைத்தார்கள். எனக்குத் தேதி படிக்கத் தெரியாது. ஆனால் இவற்றில் எதைப் பிடித்து இழுத்தாலும் மற்றதெல்லாம் கூடவே வந்துவிடும்.

நீ சுகம்தானே? நான் இருக்கிறேன். பல்லெல்லாம் போய்விட்டது, கோபம் போகவில்லை. இதை எழுதுவது கீழ்வீட்டு நர்ஸ். கெட்ட வார்த்தை சொன்னால் எழுத மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். அதனால் கடிதம் சின்னதாகத்தான் இருக்கும்.

உன் அப்பன் சாவுக்கு நான் வரவில்லை. அதைக் கேட்காதே. வண்டியைக் கேட்டாய், சொல்கிறேன்.

சிவப்பு வண்டி, ரெண்டே கதவு, தரையோடு தரையாகப் பதுங்கிய மூக்கு. சுவிட்சைப் போட்டால் இடது விளக்கு எழுகிறது, வலது எழவில்லை என்கிறாய். ஓட்டுகிறவன் பக்கத்துக் கதவில் பெயின்ட் பிறைபோல் உரிந்திருக்கிறது என்றும் எழுதியிருக்கிறாய். அந்தப் பிறை என் சுத்தியல் போட்டது. அது பஞ்சாலைச் சின்ன முதலாளியின் வண்டி. விளக்கு ரெண்டும் மூக்குக்குள் படுத்திருந்து, தட்டினால் மேலே முழிப்பதால் ஊரே அதைத் தவளை என்றது.

அந்தத் தவளைதான் ஆலை வாசலில் உன் பெரியம்மாவை அடித்துக் கொன்றது. மாலை நேரம், மழை இருட்டு. வலது விளக்கு முன்பே கெட்டுக் கீழே சிக்கியிருந்ததாம். ஒரு கண் மட்டும் முழித்தால் அசிங்கமென்று ரெண்டையும் போடாமல் வந்தானாம். ஆள் தெரியவில்லையாம். கோர்ட் விபத்து என்று விட்டுவிட்டது.

விளக்கு மேலே இருந்ததா, கீழே இருந்ததா? மேலே இருந்தால் அவன் அவளைப் பார்த்தான். பார்த்துத்தான் ஏற்றினான். சாவதற்குள் எனக்கு இந்த ஒரு பதில் வேண்டும்.

இனி வேலை. மோட்டார் தலையில் ரப்பர் தொப்பிக்குள் ஒரு குமிழ் இருக்கும். அதைக் கையால் திருகி விளக்கை முழுசாகக் கீழே இறக்கு. பிறகு ஃபியூஸைப் பிடுங்கு. இதைச் செய்யாமல் உள்ளே விரல் விடாதே. எங்களுக்குத் தொழில் சொல்லித்தந்த மேஸ்திரியின் விரலை அந்த வண்டிதான் தின்றது. அதற்கப்புறம் என்னையும் உன் அப்பனையும் அடித்தே பழக்கினார்: ‘தவளை வந்தா பேச்சுக்கு முன்னாடி குமிழு.’ தூக்கத்தில்கூடத் திருகுவோம்.

எல்லாம் பார்த்தபின் ஃபியூஸைப் போட்டு, சுவிட்சைத் தட்டிக் காதை வை. ஊமையாக இருந்தால் ரிலே, ஒயர். உறுமினால் நோய் வேறிடம். எதையும் நிமிர்த்தாதே, மாற்றாதே. பார், எழுது.

பெரியப்பா


ஜனவரி 21

பெரியப்பாவுக்கு வணக்கம்.

உங்கள் பல்லையும் கோபத்தையும் விசாரித்ததாகச் சொல்லவும். நர்ஸ் அக்காவையும்தான். நான் நன்றாக இருக்கிறேன். வண்டிக்கு அடியில் படுத்துப் படுத்து முதுகுதான் பலகையாகிவிட்டது.

பெரியம்மா செத்தார் என்பது தெரியும். எப்படி என்று எங்கள் வீட்டில் யாரும் பேசமாட்டார்கள். அவர் படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை.

வண்டியைக் கொண்டுவந்தது சின்ன முதலாளியின் டிரைவர். இத்தனை காலமும் பங்களா ஷெட்டில் பூட்டிக் கிடந்ததாம். இப்போது பேரன் ஓட்ட ஆசைப்படுகிறானாம். “உங்கப்பா கை பட்ட வண்டிம்மா. நீதான் பாக்கணும்னு மொதலாளி ஒத்தக் கால்ல நிக்கிறாரு” என்றார் டிரைவர்.

சொன்னபடி செய்தேன். ஃபியூஸ் நல்லது. ரிலேவை இடமும் வலமும் மாற்றிப் பார்த்தேன், அதே நோய். மோட்டார் உறுமுகிறது. விளக்கு மூடி ஒரு விரல் உயரம் எழுகிறது, எதிலோ முட்டி நின்று, திரும்பப் பொத்தென்று விழுகிறது. ஒயர் சூடாகிறது.

ஒன்று கேட்கலாமா? அப்பா கடைசிவரை இடது பக்கமாகத்தான் மென்றார். தாடை ஏன் கோணல் என்றால் “ஜாக்கி வழுக்கிடுச்சு” என்பார். உங்களுக்குத் தெரியுமா?

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

மகள்


பிப்ரவரி 3

மகளே,

எனக்குச் சளி. நர்ஸ் ஊசி போட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தாள். நீ முதுகுக்குத் தவிட்டு ஒத்தடம் கொடு.

தாடையைப் பிறகு சொல்கிறேன்.

உறுமுகிறது என்றால் மோட்டாருக்கு உயிர் இருக்கிறது. மோட்டாரிலிருந்து விளக்கைத் தூக்க ஒரு ராடு போகும். கோளாறு அதில்தான். மூடியைக் கழற்றி ராடைப் பார்.

அன்றைக்கு நடந்ததைக் கேள். கதவடைப்பு நீண்டுகொண்டே போனது. வாசல் மறியலில் பெண்களை முன்னால் நிறுத்தினால் கை வைக்க மாட்டார்கள் என்று யாரோ ஒரு புத்திசாலி சொன்னான். உன் பெரியம்மா நூற்பில் வேலை. அவளை யாரும் நிறுத்த வேண்டியதில்லை, அவளே போய் நின்றாள். காலையில் என்னிடம், “நீ அந்தப் பக்கம் வராத. உன் வாய்க்கு நாலு பேர் சாவாங்க” என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அதனால் நான் பேட்டரிக் கடையில் உட்கார்ந்திருந்தேன்.

சத்தம் கேட்டு ஓடினேன். தவளை இரும்புக் கதவில் மூக்கை முட்டி நின்றது. அவள் கதவுக்கும் வண்டிக்கும் நடுவில் இருந்தாள். இடுப்புக்குக் கீழே எதுவும் இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. அவன் உள்ளே பூட்டிக்கொண்டிருந்தான். நான் சுத்தியலால் கதவை அடித்தேன். கண்ணாடியை அடித்திருக்க வேண்டும், ஆத்திரத்தில் தகரத்தை அடித்தேன். அதற்குள் போலீஸ் வந்து வரிசையாக மண்டைகளை உடைத்தது. வாட்ச்மேனுக்கு ஒரு கண் போனது. என்னைத் தரையில் போட்டு மிதித்தார்கள். ஒரு பூட்ஸ் என் கன்னத்தில் நின்றது. அப்படியே கிடந்து அவள் கை மூடித் திறப்பதைப் பார்த்தேன். பிறகு திறக்கவில்லை.

நான் ஓடிவந்தது வண்டியின் பின்பக்கமாக. முன்விளக்கைப் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் எரிந்தது என்றார்கள். மறியல்காரன் பேச்சு எடுபடாது என்றது கோர்ட். ஒரு மெக்கானிக் வந்து, விளக்கு கீழேதான் சிக்கியிருந்தது என்றான். அவன் பேச்சு எடுபட்டது.

ராடைப் பார்த்து உடனே எழுது.

பெரியப்பா


பிப்ரவரி 26

பெரியப்பாவுக்கு,

சளி விட்டதா? கடிதம் தாமதம், மன்னிக்கவும். வேலை அதிகம்.

மூடியைக் கழற்றினேன். ராடு கொஞ்சம் வளைந்திருக்கிறது. சீக்கிரம் முடித்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

நேற்று சின்ன முதலாளி வந்திருந்தார். ஒடிசலான கிழவர், கையில் வெள்ளிப்பூண் போட்ட கைத்தடி. “என்ன பொண்ணே, கண்ணு தொறந்துச்சா?” என்றார்.

“இன்னும் இல்லைங்க.”

“உங்கப்பன் கைன்னா ஒரு மணி நேரம். பொம்பள கைன்னா மாசக் கணக்கா?”

“அவசரம்னா ஆம்பள கையா பாத்து எடுத்துட்டுப் போங்க. வண்டிய நானா கேட்டேன்?”

சிரித்தார். என் எண்ணெய் டப்பாவைத் தடியால் தட்டிக் கவிழ்த்தார். பிறகு, தான் வந்த காரை வெயிலில் நிறுத்தியதற்காக டிரைவரின் கெண்டைக்காலில் ஓங்கி ஒன்று போட்டார். டிரைவர் ‘சரிங்க’ என்றார். அடி வாங்கிப் பழகியவர் சொல்கிற ‘சரிங்க’.

இங்கே மழை இல்லை. அங்கே எப்படி?

மகள்


மார்ச் 5

மகளே,

மழை எப்படி என்று கேட்கவா உனக்குத் தபால்?

‘கொஞ்சம் வளைந்திருக்கிறது’ என்றால் என்ன பதில்? வாழைப்பழமும்தான் வளைந்திருக்கிறது. முன்னாலா, பின்னாலா? மூடி மேலே அடிபட்ட தடம் உண்டா? விளக்குக் கண்ணாடி முழுசா, உடைசலா? நீ தொழில்காரி. உனக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்தும் சொல்லவில்லை. ஏன்?

தாடையைக் கேட்டாயே, கேட்டுக்கொள். ஜாக்கி வழுக்கவில்லை. அந்த மெக்கானிக் உன் அப்பன். கூண்டில் நின்று, “வலது லைட்டு கீழதான் சிக்கியிருந்துச்சுங்க, நான் பாத்தேன்” என்று சொன்னவன் என் கூடப் பிறந்தவன், அவள் கையால் சோறு தின்று வளர்ந்தவன். கோர்ட் படியில் அவன் என்னை நோக்கி வந்தான். நான் வீல் ஸ்பேனரை மடியில் வைத்திருந்தேன். ஒரே அடி. எலும்பு முறிந்த சத்தம் கேட்டு மாடத்துப் புறாவெல்லாம் எழும்பியது. விழுந்தபின் இன்னும் அடித்தேன், பிடித்து இழுக்கும்வரை அடித்தேன். அதற்காக ஜெயிலில் கல் உடைத்தேன். இன்றைக்கு எழுந்து வந்தாலும் அடிப்பேன்.

இங்கே நர்ஸ் பேனாவை வைத்துவிட்டாள். “இதெல்லாம் ஒரு பொண்ணுக்கு எழுதணுமா தாத்தா?” என்றாள். எழுது என்றேன்.

பதில் எழுது.

பெரியப்பா


ஏப்ரல் 2

சகோதரிக்கு,

நான் நர்ஸ். தாத்தா சொல்லாமல் நானாக எழுதுகிறேன். நீங்கள் நலமாக இருக்க வேண்டும்.

உங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை. தாத்தா தினமும் நாற்காலியைத் தெருவில் போட்டுத் தபால்காரரை எதிர்பார்க்கிறார். போன வாரம் வெறுங்கையோடு வந்த தபால்காரரின் சட்டையைப் பிடித்துவிட்டார். நல்ல மனுஷர், புகார் கொடுக்கவில்லை. சாப்பாடு பாதியாகிவிட்டது. பெரியம்மாவின் பெயரைத் தூக்கத்தில் சொல்கிறார், விழித்திருக்கும்போது சொல்வதில்லை.

கோபம் என்றால் கோபம் என்றாவது எழுதிப் போடுங்கள்.

நர்ஸ்


ஏப்ரல் 13

பெரியப்பாவுக்கு,

சாப்பிடுங்கள். முதலில் அதைச் செய்துவிட்டு இதைக் கேளுங்கள்.

ராடு பின்பக்கமாக வளைந்திருக்கிறது. மூடியின் மேல்தகட்டில் ஒரு கீறல் இல்லை. விளக்கைத் தாங்கும் கீல் பின்னால் தள்ளிக் கிழிந்திருக்கிறது. கண்ணாடி இல்லை, அதன் தூள் பள்ளத்தின் அடியில் துருவோடு ஒட்டிக் கிடக்கிறது. விளக்கு படுத்திருந்தால் கண்ணாடியில் எதுவும் பட்டிருக்காது. அது மேலே இருந்தது. முன்னாலிருந்து அடி வாங்கியது. அது கெட்டதால் பெரியம்மா சாகவில்லை. பெரியம்மாமேல் மோதித்தான் அது கெட்டது.

இது எனக்கு வண்டி வருவதற்கு முன்பே தெரியும். அப்பா ஆஸ்பத்திரியில் சொன்னார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

“லைட்டு மேலதாம்மா இருந்துச்சு. கண்ணாடி ஒடஞ்சு தலை பின்னால சாஞ்சு கெடந்துச்சு. போலீஸ்காரர் என்னயக் கூப்பிட்டு ‘வண்டிய என்னன்னு பாருய்யா’ன்னார். என் கை தானா போயி குமிழத் திருகிடுச்சு. கிறீச்சுன்னு எறங்கி மூடிக்கிச்சு, அப்புறம் ஏறவே இல்ல. அண்ணி அங்கயே கெடக்காங்க, நான் வண்டியப் பாக்கறேன். அப்புறம் வந்த இன்ஸ்பெக்டர் கீழ இருக்குன்னு எழுதிட்டாரு.”

சின்ன முதலாளி அதைப் பார்த்துவிட்டான். அப்பாவை பாய்லர் அறையில் அடைத்துவைத்து அடித்தார்கள். ‘லைட்டை எறக்கினது நீ. மேல இருந்துச்சுன்னு வாயத் தொறந்தா, சாட்சியக் கலைச்சவன்னு மொதல்ல நீதான் உள்ள போவ’ என்றார்கள். முதுகில் நீராவிக் குழாயை வைத்துத் தேய்த்த தழும்பை நான் சின்ன வயதில் வரைபடம் என்று நினைத்து விளையாடியிருக்கிறேன்.

“கோர்ட்டு படியில அண்ணன்கிட்ட சொல்லிடலாம்னு போனேன். வாயத் தொறந்தேன். வாய்தான் ஒடஞ்சுது” என்றார்.

உங்களிடம் இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். எதுவும் தெரியாததுபோல் எழுதினேன், தாடையையும் கேட்டேன். அப்பா வார்த்தையை நீங்கள் நம்பமாட்டீர்கள். ராடு சொன்னால் நம்புவீர்கள் என்று நினைத்தேன். ராடைப் பார்த்தபின் எனக்கே கை ஓடவில்லை. பிறகு தாடைக் கடிதம் வந்தது. அதைக் கிழித்தேன். ஒட்டினேன்.

மகள்


ஏப்ரல் 22

மகளே,

சாப்பிட்டேன். கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னதில் நர்ஸுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

பார்த்திருக்கிறான்.

உன் அப்பனைப் பற்றி ஏதாவது சொல்லச் சொல்கிறாள் நர்ஸ். எனக்கு வரவில்லை. குமிழைத் திருகியிருப்பான். நானாக இருந்தாலும் திருகியிருப்பேன். அவ்வளவுதான் இப்போது வருகிறது.

விளக்கைச் சரிசெய்யாதே. ராடைத் தொடாதே. வேலை ஆகாது என்று வண்டியைத் திருப்பிக் கொடு. அவனிடம் எதுவும் பேசாதே, உனக்கு அவன் பழக்கம் தெரியாது. அவனைக் கொல்வதைத்தான் ஜெயிலில் ஒவ்வொரு கல்லிலும் பழகினேன். கால் ஒத்துழைத்தால் நானே வருவேன். அது என் வேலை.

நீ பத்திரமாக இரு.

பெரியப்பா


மே 7

பெரியப்பாவுக்கு,

என் புருவத்தில் தையல் போட்டிருக்கிறார்கள். வேறொன்றுமில்லை, பயப்படாதீர்கள். நீங்கள் சொன்னதைக் கேட்கவில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் சின்ன முதலாளி வந்தார். வலது மூடியைத் திறந்தே வைத்திருந்தேன்.

“இந்த ராட நான் நிமிர்த்த மாட்டேன்” என்றேன்.

“ஏன், பலம் போதலையா?”

“லைட்டு மேல இருந்திருக்கு. அடி வாங்கினது எங்க பெரியம்மா மேல மோதி.”

டிரைவர் காரைத் துடைப்பதை நிறுத்தினார். கிழவர் ராடை எட்டிப் பார்த்தார். யாரோ பழைய சிநேகிதரைப் பார்ப்பது மாதிரி பார்த்தார்.

“ஆமா. ரெண்டும் மேலதான் இருந்துச்சு. அதுக்கென்ன இப்ப?”

“அவங்களப் பாத்தீங்களா?”

“பட்டப்பகல் மாதிரி பாத்தேன். எல்லாரும் ஓடிட்டாளுங்க, அவ மட்டும் நின்னா. பஸ்ஸ நிறுத்தற மாதிரி ஒரு கையத் தூக்கிக்கிட்டு. என் கண்ணையே பாத்து என்னமோ சொன்னா. அந்தத் திமிருக்குத்தான் அழுத்தினேன்.”

“என்ன சொன்னாங்க?”

பதிலுக்குத் தடியை வீசினார். புருவம் கிழிந்து ரத்தம் கண்ணை மூடியது. ரெண்டாவது வீச்சில் தடியைப் பிடித்து இழுத்தேன். அவர் அதை விடவில்லை, தடியோடு வந்தார். தவளையின் மூக்கில் இடுப்பு மோதியது. காய்ந்த குச்சி முறிகிற சத்தம். கீழே கிடந்து என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினார், நர்ஸ் அக்கா எழுத மாட்டார் என்பதால் விட்டுவிடுகிறேன். அந்தத் தடியை எடுத்தேன், பெரியப்பா. தலைக்கு மேலே ஓங்கிவிட்டேன். டிரைவர் தடுக்கவில்லை. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, “பாத்துக்கம்மா” என்றார். என்னத்தைப் பார்க்க? அந்தச் சொல்லில் ஓங்கிய கை இறங்கிவிட்டது. தடியைச் சுவரில் எறிந்தேன்.

ஆஸ்பத்திரியில் டிரைவர், “வழுக்கி விழுந்துட்டாருங்க” என்று எழுதவைத்தார். நான் கேட்கவில்லை. நான் இழுத்தேன் என்று டாக்டரிடம் நானே சொன்னேன். டிரைவர் மறுபடியும், “அந்தப் பொண்ணுக்குத் தலையில அடி, என்னமோ பேசுது” என்றார். கிழவருக்கு இடுப்பெலும்பு தூள். நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டதாம். நினைவு வந்து வந்து போகிறது. அதிக நாள் தாங்காது என்கிறார்கள்.

நீங்கள் கேட்ட பதில் கிடைத்துவிட்டது. உங்களுக்கு நிம்மதியா?

மகள்


மே 15

மகளே,

தையல் பிரிக்கும்வரை தண்ணீர் படாமல் பார்த்துக்கொள். நர்ஸ் சொல்லச் சொன்னாள். தடியை எறிந்தாயே, நல்ல காரியம் செய்தாய். அதை நான் சொல்வேன் என்று நானே நினைக்கவில்லை.

நிம்மதி இல்லை. பார்த்தானா இல்லையா என்பதுதான் கேள்வி என்று இத்தனை காலம் இருந்தேன். அவன் பார்த்தான் என்றாகிவிட்டது. உன் கடிதத்தில் அந்த இடம் வந்ததும் நர்ஸை நிறுத்தச் சொன்னேன். உன் பெரியம்மா கையைத் தூக்கி என்னமோ சொல்லியிருக்கிறாள். என்ன சொன்னாள்? எனக்குத் தெரியவேண்டியது இப்போது இதுதான். என்னைக் கூப்பிட்டிருக்கலாம். அவனை அசிங்கமாகத் திட்டியிருக்கலாம், அவளுக்கு அதுவும் நன்றாக வரும். ‘நிறுத்துடா’ என்று மட்டும் சொல்லியிருக்கலாம். எதுவாக இருந்தாலும் அவள் வாயிலிருந்து வந்த கடைசி வார்த்தை, அது எனக்குச் சேரவேண்டியது.

அதனால் அவனைச் சாக விடாதே. டாக்டர் காலில் வேண்டுமானாலும் விழு. டிரைவரைப் பக்கத்திலேயே உட்காரச் சொல். கண் திறக்கும்போதெல்லாம் தண்ணீர் கொடு, திட்டினாலும் கொடு. நான் வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். நர்ஸ் லீவு போட்டுக் கூட வருகிறாள். ஸ்பேனர் கொண்டுவரவில்லை, பையை அவளே சோதித்துவிட்டாள்.

அந்த வாசலில் அன்றைக்கு உன் பெரியம்மா அருகே இருந்தவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். அவள் வலப்பக்கம் நின்ற நூற்புக்காரி, வண்டி உறுமியதும் ஓடினவள், அடுத்த வருஷமே பிரசவத்தில் போனாள். இடப்பக்கம் நின்றவள் ஆலை திறந்தபின் இயந்திரத்தில் முடி சிக்கிச் செத்தாள். வாட்ச்மேன் மிச்சக் கண்ணும் போய்க் கிணற்றில் விழுந்தான். பிறகு வந்த இன்ஸ்பெக்டரும் மாடிப்படியில் உருண்டு செத்தான். வண்டியைப் பார்க்க வந்த உன் அப்பனும் போய்விட்டான். நான் வந்து சேர்ந்தபோது அவள் பேச்சு நின்றிருந்தது. அவள் சொன்னதைக் கேட்டவர்களில் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருப்பது சின்ன முதலாளி ஒருவன்தான்.